மீட்பு விலை, ஒருதரம், ரெண்டுதரம்

தாழேக்கரை மாதா கோயிலில் கப்பியார் பொறிஞ்சு முப்பத்தோரு வருஷமாகச் செய்யாத வேலை ஒன்றே ஒன்றுதான்: பூசை வைத்தது கிடையாது. மற்றபடி மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை இருமி எழுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரே தூங்கிவிட்டால் எழுப்ப ஆளில்லை. பிரசங்கம் நீண்டுகொண்டே போகும். இதற்கெல்லாம் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கல்லறைகள் இருக்கும் செமித்தேரி மதிலை ஒட்டிக் கோயிலுக்குச் சொந்தமான இரண்டறை வீடு ஒன்று, குடியிருக்க. வேலை இருக்கும்வரை வீடு. அக்கம்பக்கத்தார் சத்தம் போடாதவர்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பின் கடைசியில், ஓசானா என்ற குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கோயில் சாமியாரான விகாரி ஜின்டோ அச்சன் நோயாளி வீட்டுக்குப் போயிருந்தபோது, பொறிஞ்சு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தைப் பார்த்தார். குவைத்திலிருந்து வந்திருந்தது. "இந்த வருஷத் திருநாளின் முழுச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். விவரம் உள்ளே."

முழுச் செலவு! வெடிக்கட்டு, பேண்டு மேளம், முந்நூறு கிலோ கோழி, எல்லாம்! போன வருஷம் இந்தச் செலவைத் தலையில் கட்ட ஆள் தேடித்தேடி அச்சனுக்கு முடி கொட்டியதைப் பொறிஞ்சு கண்ணால் பார்த்தவர். நல்ல செய்தியைத் தானே முதலில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் "உள்ளே" என்ற இடத்தில் ஓர் அழுத்து அழுத்தினார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு மண்டையோடு, அடியில் குறுக்காக இரண்டு எலும்பு.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். பொறிஞ்சு கப்பியார். சிலுவையின் அடியில் ஆதாமின் மண்டையோடும் எலும்பும் இருக்கும் என்று தெரிந்தவர்; வாரம் தவறாமல் அதைப் பித்தளைப் பொடி போட்டுத் துலக்குகிறவர். நோன்புக் காலத் தியானத்துக்காக அரமனையிலிருந்து ஆயரே அனுப்பிய படம் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து நின்று நெற்றியில் சிலுவை வரைந்து, கைகூப்பி, ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். அந்த ஒரு நிமிஷம் கடிதம் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோதுதான் மண்டையோட்டின் கீழே ஒரு கடிகாரம் பின்பக்கமாக ஓடுவதைக் கவனித்தார். ஆதாமுக்குக் கடிகாரம் கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் திரும்பி வந்த ஜின்டோ அச்சன் ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னார். "கோயில் கோப்பு எல்லாத்தையும் பூட்டிட்டாங்களாம். ஐயாயிரம் டாலர் மீட்புப் பணம் கொடுத்தா சாவி தருவாங்களாம். ஒரு வாரம் கெடு." அச்சனுக்கு முப்பத்திநாலு வயது. படிக்கப் படிக்க ஐம்பதானார். "யார் திறந்தது, பொறிஞ்சேட்டா?"

"நான் மணி அடிக்கப் போயிருந்தேன் அச்சோ."

பத்து மணிக்கு எந்தக் கோயிலிலும் மணி கிடையாது. அச்சனுக்கு அதை யோசிக்க நிதானம் இல்லை.

பூட்டியதில் மற்றதெல்லாம் போகட்டும். ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் போனதுதான் இடி. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றிலிருந்து தாழேக்கரையில் பிறந்தவர், கட்டியவர் அத்தனை பேரும் அதில்தான். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருஷ வெள்ளத்தில் காகிதப் புத்தகங்கள் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தன. பொறிஞ்சுவும் அவர் மனைவி றோஸிலியும் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தார்கள். நாலு மாதம் வீட்டில் ஒரு சட்டைக்கு இஸ்திரி கிடையாது. ஊரின் முப்பாட்டன்களுக்கு மட்டும்தான். காயக் காயப் பொறிஞ்சு போனில் படம் எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு புத்தகங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்துபோக, செமித்தேரியில் குழிவெட்டி மரியாதையாக அடக்கம் செய்தார்கள். படம் எடுத்த போன் ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்து மரித்தது. அச்சன் முன்ஜாக்கிரதையாக ஒரு பென்டிரைவில் நகல் வைத்திருந்தார். அது அந்தக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. அரமனைக்கு வருஷாவருஷம் போன நகல்கள் அரமனையில் எங்கே இருக்கின்றன என்று அரமனைக்கே தெரியாது. ஈஸ்டர் முடிந்ததும் பதினோரு கல்யாணம். பதினோரு ஜோடிக்கும் ஞானஸ்நானச் சான்று வேண்டும்.

அன்று சாயங்காலம் பொறிஞ்சு கஞ்சியை அளைந்துகொண்டே இருந்தார். றோஸிலி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்கதானே?"

"மெதுவா பேசு."

"இங்க யாருக்குக் கேக்கப்போகுது, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கா? போய் அச்சன்கிட்டச் சொல்லுங்க, மனுஷா."

"சொன்னா கமிட்டிக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரிஞ்சா வேலை போகும். வேலை போனா இந்த வீடு..."

மூன்று வாய் கஞ்சிக்குப் பிறகு பொறிஞ்சுவின் முகம் தெளிந்தது. அது அவரைப்பற்றிப் பெருமையாகச் சொல்லும்படியான நேரமல்ல. ஆபீசில் சொன்னால்தானே வெளியே வரும்? பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொன்னால்? கூண்டில் கேட்டதைத் தலையே போனாலும் அச்சன் வெளியே சொல்ல முடியாது. பாவமும் போகும், வீடும் தங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை வரிசையில் ஏழாவது ஆளாக நின்று முழங்கால் போட்டார்.

"அச்சோ, அந்தக் கடிதத்தைத் திறந்தது நான். மணி அடிக்கப் போனேன்னு சொன்னது பொய்."

கூண்டின் அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. வலைக்கம்பி சூடானது.

"வெளியே தெரிஞ்சா வீடு போயிடும் அச்சோ."

இன்னொரு பெருமூச்சு. "ஒரு ஜெபமாலை சொல்லுங்க, பொறிஞ்சேட்டா. செஞ்சதைச் சரிபண்ண என்ன வழின்னு நீங்களே யோசிங்க. உங்க பாவங்களை மன்னிக்கிறேன்."

பொறிஞ்சு பஞ்சு மாதிரி எழுந்து வந்தார். பஞ்சு ஒரு மணி நேரம்தான் பறந்தது. ஆபீசைப் பெருக்கும்போது தாங்காமல் கேட்டார்: "அச்சோ, அந்த விஷயம்..."

"எந்த விஷயம்?" என்றார் அச்சன், அன்றுதான் பிறந்தவர் மாதிரி. அவர் கண் பொறிஞ்சுவின் மேல் படவில்லை. அன்றைக்கும் படவில்லை, அடுத்த நாளும் படவில்லை.

பேரம் பேசக் கைக்காரர் லோனப்பன் வந்து உட்கார்ந்தார். கோயில் பொக்கிஷச் சாவி அவரிடம்தான். வாழைக்குலை மொத்த வியாபாரி. ஞாயிறு பூசைக்குப் பிறகு காணிக்கையாக வரும் சேவலையும் பலாப்பழத்தையும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவதும் அவர்தான். இருநூறு ரூபாய்ச் சேவலை மூவாயிரத்துக்கு ஏற்றியவர். வாங்கியவன் இன்றுவரை அந்தச் சேவலை அடிக்க மனம் வராமல் வளர்க்கிறான்.

சைபர் போலீஸ் பணம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டது. "கொடுக்கப்போறது யாரு? விலையைக் கேக்கறதுல என்ன தப்பு?" என்றார் லோனப்பன். "எழுதுங்க அச்சோ. இது கோயில், கம்பெனி இல்ல. கோயில்ல இருக்கறது எலியும் கடனும்தான்."

பதில் உடனே வந்தது. அச்சன் மொழிபெயர்த்தார். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் மதத்தை மதிக்கிறோம். நாலாயிரத்து எண்ணூறு."

"நம்ம பேங்கு மேனேஜரைவிட மரியாதை தெரிஞ்சவன்," என்றார் லோனப்பன். " இப்ப நாம எழுந்து போற மாதிரி நடிக்கணும். இதுல எழுந்து போறது எப்படி?"

"பதில் எழுதாம இருக்கலாம்."

"இருங்க."

பெருக்க வந்த பொறிஞ்சுவையும் சேர்த்து மூவரும் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தார்கள். புதன்கிழமை மாலைக்குள் இரண்டாயிரத்து நூறுக்கு இறங்கியது. லோனப்பனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக ஏலத்தைத் தலைகீழாக விட்டிருக்கிறார். கள்ளன் கூடவே ஒன்று எழுதியிருந்தான்: "எங்கள் நாணயத்தை நிரூபிக்க ஒரே ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து தருவோம். விலை மதிப்பு இல்லாத கோப்பாக இருக்க வேண்டும்."

சாயாவை ஆற்றியபடி லோனப்பன் திடீரென்று கேட்டார்: "அச்சோ, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கர்த்தர் பலருக்காகத் தன் உயிரை மீட்பு விலையாக் கொடுத்தார்னு படிக்கிறோமே. யாருக்குக் கொடுத்தார்?"

அச்சன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஆயிரம் வருஷம் பெரிய பெரிய சாமியார்லாம் அடிச்சுக்கிட்டாங்க, லோனப்பேட்டா. நம்மளைப் பிடிச்சு வச்சிருந்தது சாத்தான், அதனால சாத்தானுக்குன்னு சிலபேர்."

"சாத்தானுக்கா? கடத்தினவனுக்கே கூலியா?"

"அதையேதான் மத்தவங்களும் கேட்டாங்க."

"போலீசும் அதான் சொல்லுது. சாத்தானுக்குன்னா கொஞ்சம் பேசிக் குறைச்சிருக்கலாம். சொன்ன விலைக்கே கொடுத்துட்டார். அப்போ யாருக்கு?"

"யார் வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தருக்கு வலிச்சுது, இன்னொருத்தன் வெளியே வந்தான். அது மட்டும் தெரியும்." சொல்லும்போது அச்சன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பொறிஞ்சு ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார்.

ஓசானா ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம். எல்லார் கையிலும் குருத்தோலை. கோபம் வந்தவன் கையில் எது இருந்தாலும் ஆயுதம்தான்; முதல் பத்து நிமிஷத்தில் நாலு பேருக்குக் கண்ணில் குத்து.

லோனப்பன் விஷயத்தைச் சொன்னார். "ஒரு கோப்பு சும்மா தருவான். அச்சன் வருஷத்துக்கு ஒரு கோப்புன்னு பிரிச்சு வைக்கச் சொல்லியிருந்தார். அதனால ஏதாவது ஒரு வருஷம்தான் கிடைக்கும். எந்த வருஷம்?"

"அறுபத்தேழு!" என்றது முன்வரிசை.

"தொண்ணூத்தெட்டு! என் மகனுக்குக் கனடா விசா!"

"எண்பத்திரண்டு வேண்டவே வேண்டாம்!" என்றாள் ஒருத்தி பெண்கள் பக்கத்திலிருந்து. ஊருக்கு முப்பத்தெட்டு வயது சொல்லி வைத்திருப்பவள்.

"தொண்ணூத்தாறுக்கு ஐநூறு ரூபா தர்றேன்!"

"எழுநூறு!"

இந்தச் சத்தம் காதில் விழுந்ததும் லோனப்பனின் உடம்பில் ஏதோ புகுந்தது. "எழுநூறு! தொண்ணூத்தாறு, நல்ல வருஷம், மழை பெய்ஞ்ச வருஷம்! எழுநூறு ஒருதரம்! ஆயிரம் கேட்டாரா அங்க?" ஆயிரத்து எண்ணூறு வரை ஏறிய பிறகுதான் கிளாரம்மா என்ற ரிட்டயர்டு டீச்சர் எழுந்து கேட்டார்: "நாம எதுக்குக் கொடுக்கணும்? அந்தக் கடிதத்தைத் திறந்தவன் கொடுக்கட்டும். யார் திறந்தது?"

ஏலம் அப்படியே நின்றது. எல்லாரும் அச்சனைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் இருப்பது அவர் அறையில்.

அச்சன் எழுந்தார். "கோயிலுக்கு விகாரி நான். என் அறையில நடந்தது. பொறுப்பு என்னுது."

"அப்போ நீங்கதான் திறந்தீங்களா?"

அச்சன் பதில் சொல்லவில்லை. பொய்யும் சொல்ல முடியாது, உண்மையும் சொல்ல முடியாது. வாய் நடுவில் நின்றது. கூட்டம் அந்த மௌனத்தை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டது.

"படிச்ச அச்சன்னு நெனச்சோமே!"

"போன்லயே இருந்தா இப்படித்தான்!"

"ஆயருக்கு எழுதுங்க. மாத்திக் கொடுக்கட்டும்."

"எழுதிக்கங்க," என்றார் அச்சன். "எனக்கு ஒரு பெட்டிதான். கட்டறதுக்கு அரைமணி நேரம் போதும்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

பொறிஞ்சு கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். அச்சன் இப்போதும் அவர் பக்கம் திரும்பவில்லை. இந்த ஆறு நாளில் ஒரு தடவை முறைத்திருந்தால்கூட, ஒரு தடவை குத்திக்காட்டியிருந்தால்கூட, கணக்கு சரியாகிவிட்டது என்று பொறிஞ்சு நிம்மதியாகக் கஞ்சி குடித்திருப்பார். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாரே இந்த மனுஷன். கூண்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது காற்றில் கரையவில்லை. அப்படியே அந்தப் பக்கம் போய் இன்னொருவர் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெண்கள் பக்கத்திலிருந்து றோஸிலி பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வீட்டைக் காலிசெய்யத் தயார் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"நான்தான் திறந்தேன்," என்றார் பொறிஞ்சு.

"எதை? வாயையா?" என்றார் லோனப்பன். "உட்காருடா, ஆயருக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கோம்."

"கடிதத்தைத் திறந்தது நான். அச்சன் அப்போ இங்க இல்லவே இல்ல. குவைத்துக்காரன் திருநாள் செலவு முழுசும் ஏத்துக்கறேன்னு எழுதியிருந்தான். சந்தோஷத்துல அமுக்கிட்டேன். மண்டையோடு வந்துது. ஆதாம்னு நெனச்சு ஜெபம் பண்ணிட்டு நின்னேன்." முன்னால் நடந்துபோய் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். "செவ்வாய்க்கிழமையே அச்சன்கிட்டக் கூண்டுல சொல்லிட்டேன். அவரால வெளியே சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே சொன்னேன்."

தூக்கியிருந்த குருத்தோலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கிளாரம்மா டீச்சர் மெல்ல, "ஆதாமா!" என்றார்.

அச்சன் ஆறு நாளில் முதல்முறையாகப் பொறிஞ்சுவை நேராகப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் பொறிஞ்சு. சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. "அதைக் கூண்டுலயும் சொல்லல. வருஷவாரியாப் பிரிக்கச் சொன்னீங்களே அச்சோ, பிரிச்சாச்சுன்னு சொன்னேனே... பிரிக்கல. புதுக் கோப்பு எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்குப் படம் எடுக்கறப்போ போன்ல ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்துது. அதுலயே ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டே போயிட்டேன்."

"ஒட்டிக்கிட்டேன்னா?"

"எல்லா வருஷமும் ஒரே கோப்புலதான் இருக்கு. ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு பக்கம்."

அதனால்தான் இந்த ஆள் ஒரு சான்று எடுக்க அரைநாள் ஆக்கினாரா என்று பலருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் லோனப்பனுக்குப் புரிந்தது. மெதுவாக நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"ஒரே கோப்பா?"

"ஒரே கோப்பு."

"பேரு என்ன?"

பொறிஞ்சு தரையைப் பார்த்தார். "பொறிஞ்சு குடும்பம் ஊட்டி."

கூட்டம் அப்படியே ஆபீசுக்குள் பாய்ந்தது. அச்சன் கோப்பை அனுப்பி, எங்கள் கப்பியாரின் உல்லாசப் பயணப் படங்கள், விலை மதிப்பில்லாதவை என்று எழுதினார். எழுதிவிட்டு, "இதுல ஒரு பக்கம் உண்மைதான்," என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல மேலே பார்த்தார். நாற்பது நிமிஷம். கள்ளனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை போலிருக்கிறது.

"அன்பான வாடிக்கையாளரே, முதல் சில பக்கங்களைச் சோதித்தோம். மதிப்பு எதுவும் இல்லை. திறந்து அனுப்பியிருக்கிறோம். குதிரை அழகாக இருக்கிறது."

அச்சன் அதைத் திறந்தார். முதல் பக்கத்தில் றோஸிலி, ஊட்டி ஏரிக்கரையில், குதிரைமேல். தாழேக்கரைப் பங்கு முழுவதும் அவளை அந்தக் கோலத்தில் தரிசித்தது.

"குதிரை மட்டும்தானா?" என்றாள் பின்னாலிருந்து றோஸிலி.

பன்னிரண்டாவது பக்கம் வரை ஊட்டி. பதின்மூன்றாவது பக்கத்தில், இஸ்திரிச் சூட்டின் பழுப்போடு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, ஜனவரி நாலு, ஈத்தாயி மகன் வறீது. யாரோ ஒருவர் பின்னால் மூக்கை உறிஞ்சினார். பெரும்பாலும் லோனப்பன், ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கூட்டம் கலையும்போது பொறிஞ்சு அச்சன் பக்கத்தில் போய் நின்றார். "அச்சோ, அந்த ஆறு நாள் நீங்க தூக்கிட்டு நடந்தீங்களே. அது யாருக்குப் போச்சு?"

"என் வயித்துக்குப் போச்சு, பொறிஞ்சேட்டா. அல்சர். ஆறு நாளா மோர்க்கஞ்சிதான்." பிறகு அவர் தோளில் கைவைத்தார். "கூண்டுல சொல்லாம விட்டதை இப்ப மைக் இல்லாமலே சொல்லிட்டீங்க. அடுத்த தடவை ரெண்டையும் கூண்டுலயே சொல்லுங்க."

"இருங்க, இருங்க!" லோனப்பன் மேஜையைத் தட்டினார். "கள்ளன் மறுபடி எழுதியிருக்கான். மீதிக் கோப்புகளுக்கு இரண்டாயிரத்து நூறு டாலர் எப்போ தருவீங்கன்னு கேக்கறான். மீதி என்ன இருக்கு அச்சோ?"

அச்சன் தயங்கினார். "மண்டபம் வாடகைக்கு விட்ட லிஸ்ட்டு. அப்புறம்... என்னோட மூணு வருஷப் பிரசங்கம்."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, நோன்பை நினைத்து அடங்கியது.

லோனப்பனின் உடம்பில் மறுபடி அது புகுந்தது. மண்டபத்து மேஜையிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த பொறிஞ்சுவின் சாவியைச் சுத்தியல்போலப் பிடித்துக்கொண்டார். "அச்சனோட மூணு வருஷப் பிரசங்கம்! நூத்தி அம்பத்தாறு ஞாயிறு, திருநாள் தனி! இதுக்கு மீட்பு விலை கேக்கறவங்க யாராவது?"

ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் குருத்தோலையில் சிலுவை முடைய ஆரம்பித்தார். கனடா விசாக்காரர் மெல்ல நழுவினார். அச்சனின் காது சிவந்தது. "இல்லாத சரக்கை ஏலம் விடறீங்களே, லோனப்பேட்டா," என்றார்.

"நூறு ரூபா," என்றார் பொறிஞ்சு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரசங்கங்களில் பாதியைத் தூங்கியே கழித்த ஆள்.

"கள்ளனுக்கு இல்ல, உண்டியலுக்கு. நூறு ரூபா!" லோனப்பன் குரல் முற்றம்வரை போனது. "ஒருதரம்! ரெண்டுதரம்! கூடக் கேக்கறவங்க இல்லையா? மூணுதரம்!"

வீட்டுச் சாவியால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிறகு அதைப் பொறிஞ்சு பக்கம் தள்ளிவிட்டார்.

"சாவியை எடுத்துக்கிட்டுப் போடா. அந்த மௌஸை மட்டும் இனிமே தொட்டுறாத. உச்சி மணி அடிக்க நேரமாச்சு."